ஆளறியும் யந்திரம்: திருப்பூர்ப் பனியன் தொழிலைக் குறித்த ஓர் ஆராய்ச்சி

நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூர் மாநகரம் இந்நாட்டின் பின்னலாடைத் தொழிலுக்குத் தலைநகராய் விளங்குவது யாவரும் அறிந்ததே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு சில கைப்பின்னல் யந்திரங்களோடு தொடங்கிய அத்தொழில், இன்று இந்தியா அயல்நாடுகளுக்கு அனுப்பும் பின்னலாடைகளில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தன்னுடையதாகக் கொண்டுள்ளது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் உடுத்தும் பனியன்களிற் பல திருப்பூரில் வெட்டித் தைக்கப்பட்டவையே.

இத்துணைப் பெருந்தொழிலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், அவரவர் திறமைக்கேற்ற வேலையில் அமர்த்துதல், வருகையைப் பதிதல், சம்பளக் கணக்கிடுதல், குறைகேட்டல், வேலையினின்றும் நீக்குதல் ஆகிய காரியங்களைக் கவனிப்பது மனிதவளத்துறை. பனியன் கம்பெனிகளில் இதனை ‘ஹெச்.ஆர்.’ என்றே வழங்குவர். வணிகவியலும் சமூகப்பணியும் பயின்று கல்லூரியினின்றும் வெளிப்போகும் நம் மாணாக்கருட் சிலர் இத்துறையில் அமர்வது உறுதி. அவர்கள் மேசைமேல் இப்பொழுது ஒரு புதிய கருவி வந்து அமர்ந்திருக்கிறது. அதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர். அஃது யாது, அதனை எக்காரியத்திற்கு உபயோகிக்கலாம், எக்காரியத்திற்கு உபயோகித்தலாகாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில், இத்தகைய கருவிகள் நெசவுத் தொழிலுக்கு முற்றும் அந்நியமானவையல்ல என்பதை நினைவிற்கொள்ளுதல் நலம். பிரெஞ்சு நாட்டு ழாக்கார் என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் பட்டுத் தறியில் பூவேலை நெய்வதற்குத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். எந்த இழை எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகளே தறிக்கு அறிவித்தன. அம்முறையைக் கண்டே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் யந்திரத்திற்கும் துளையட்டைகளை மேற்கொண்டார். பின்னர் 1890-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடிமதிப்பை எண்ணுதற்கு ஹாலரித் என்பவர் துளையட்டை யந்திரங்களை அமைத்தார். நூலை எண்ணிய அட்டை மனிதரை எண்ணத் தொடங்கியது அப்பொழுதே.

‘செயற்கை நுண்ணறிவு’ என்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் ஆங்கிலப் பெயர், 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கூடிய அறிஞர் கூட்டத்தினால் நிலைபெற்றது. சாதாரணக் கணிப்பொறிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு பனியனுக்கு இத்துணைக் கூலி, ஒருவர் இன்று தைத்தவை இத்தனை, ஆகவே கூலி இவ்வளவு என்று பெருக்கிச் சொல்வது சாதாரணக் கணிப்பொறியின் வேலை. அதற்கு விதியை நாமே கொடுக்கிறோம். செயற்கை நுண்ணறிவுக்கோ நாம் விதியைக் கொடுப்பதில்லை, உதாரணங்களைக் கொடுக்கிறோம். பத்தாண்டு விண்ணப்பங்களையும், அவற்றுள் யார் எடுக்கப்பட்டார், யார் நீண்டநாள் நிலைத்தார், யார் விரைவில் நின்றுவிட்டார் என்னும் பதிவுகளையும் அதற்கு ஊட்டுகிறோம். அது அவற்றினூடே உள்ள ஒப்புமைகளைத் தானே கண்டு, புதிதாய் வரும் விண்ணப்பத்தைப் பார்த்து, ‘இவர் நிலைப்பார்’, ‘இவர் நிலையார்’ என்று மதிப்பெண் இடுகிறது. இவ்விடத்தில் நாம் ஒன்றை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். யந்திரம் ஒப்புமையை அறிகிறதேயன்றிக் காரணத்தை அறிகிறதில்லை. அதற்கு ஆசிரியனாய் அமைந்தது பழைய பதிவேடு ஒன்றே. பதிவேட்டில் உள்ளது அதற்குத் தெரியும். பதிவேட்டில் இல்லாதது தெரியாது. பதிவேட்டில் பிழைபட எழுதப்பட்டதை அது மெய்யென்றே கற்கும்.

இனி இதனால் விளையும் நன்மைகளைக் கூறுவோம். இன்றைய திருப்பூரில் வேலை செய்வோர் கொங்குநாட்டாரும் தென்மாவட்டத்தாரும் மாத்திரம் அல்லர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் முதலிய தூரதேசங்களிலிருந்து வந்தோர் பல்லாயிரவர். விதிமுறைகளையும், தீயணைப்பு அறிவிப்புகளையும், சம்பளச் சீட்டின் விவரங்களையும் அவரவர் தாய்மொழியில் உடனுக்குடன் பெயர்த்துக் கொடுத்தல் இக்கருவியால் ஏறக்குறைய எளிதாயிற்று. இந்திய மொழிகளிடையே மொழிபெயர்த்தற்கென்று மத்திய அரசாங்கமே 2022-ஆம் ஆண்டில் ‘பாஷிணி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்துளது. தம் சம்பளத்திற் பிடித்த தொகை இன்னதற்கென்று ஒடியாவில் கேட்டு ஒடியாவில் விடைபெறும் தொழிலாளி, மேஸ்திரியின் வாய்ச்சொல்லை மாத்திரம் நம்பியிருக்க வேண்டியதில்லை.

கணக்கு வேலையிலும் இதன் உதவி பெரிது. திருப்பூரில் ஒரு சாரார் ஷிப்ட் சம்பளத்திற்கும், மற்றொரு சாரார் பீஸ் ரேட்டுக்கும் வேலை செய்கின்றனர். சரக்குக் கப்பலேறும் நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓடுவதும் உண்டு. சனிக்கிழமைச் சம்பளத்திற்குமுன் இவற்றையெல்லாம் கூட்டிப் பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் பார்த்து முடிப்பதற்குள் எழுத்தர் களைத்துப்போவர். வழக்கமான நேரத்திற்குமேல் செய்த வேலை கணக்கில் விடுபட்டிருக்கிறதா, ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வேறுபடுகிறதா என்று தேடிக் காட்டுவதில் யந்திரம் அயர்வதில்லை. மேலும், ஓவர்லாக் தைப்பவர் யார், பவர் டேபிளில் கைதேர்ந்தவர் யார், கைமடியாய் வந்தவருள் தையல் கற்கத் தக்கவர் யார் என்று திறமைப் பட்டியல் வகுத்து, ஒருவர் வராத நாளில் அவ்விடத்திற்கு யாரை மாற்றலாம் என்று யோசனை சொல்லவும் அது வல்லது. இவையாவும் எழுத்தர் வேலை. இவற்றிற்கு இக்கருவியை உபயோகித்தல் தக்கதே என்பது நம் அபிப்பிராயம்.

ஆயினும், எழுத்தன் நீதிபதியின் ஆசனத்தில் ஏறும்பொழுது விபரீதம் தொடங்குகிறது. இதற்கு அயல்நாட்டு அனுபவம் சான்றாகும்.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில், வேலை விண்ணப்பங்களைப் படித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடும் யந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கிற்று. பத்தாண்டுகளில் வந்த பழைய விண்ணப்பங்களே அதற்குப் பாடம். அக்காலத்தில் அத்தொழில்நுட்ப வேலைகளுக்கு வந்தவருட் பெரும்பாலார் ஆண்கள். ஆகவே ஆண்பாலாரே தகுதியுடையார் என்று யந்திரம் தானாகக் கற்றுக்கொண்டது. விண்ணப்பத்தில் ‘பெண்கள்’ என்னும் சொல் வந்தால் மதிப்பைக் குறைத்தது. பெண்களுக்கென்றே உள்ள இரண்டு கல்லூரிகளின் பட்டதாரிகளைத் தாழ்த்தியது. அந்நிறுவனம் அதனைத் திருத்த முயன்று, பின் கைவிட்டது. இச்செய்தியை 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் வெளியிட்டது. மகளிர் கல்லூரிகள் நிறைந்த நம் தமிழ்நாட்டில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று: இணையவழி ஆங்கிலம் கற்பிக்கும் ஐடியூட்டர் என்னும் நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும், 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் தானாகவே தள்ளிவிடுமாறு அமைக்கப்பட்டிருந்தது என்று அமெரிக்காவின் சமவேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2023-ஆம் ஆண்டில் 3,65,000 டாலர் கொடுக்க இசைந்து அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. இங்கே யந்திரம் தவறாகக் கற்றது என்பதற்கில்லை. மனிதர் இட்ட விதியையே அது செய்தது என்பது வழக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

முகத்தைப் பார்த்து அறியும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். திருப்பூர்ப் பகுதியில் விரல்ரேகையால் வருகை பதியும் வழக்கம் பரவியபின், முகத்தைக் கொண்டு பதியும் முறையும் வந்துகொண்டிருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜாய் புவலம்வினியும், அவரோடு டிம்னிட் கெப்ரூ என்பவரும் 2018-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களை அவர்கள் சோதித்தனர். வெண்ணிற ஆண்கள் விஷயத்தில் பிழை நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டவில்லை; கருநிறப் பெண்கள் விஷயத்திலோ 34.7 வரையில் ஏறிற்று. அம்மென்பொருள்கள் பின்னர் திருத்தம் பெற்றன. எனினும் பாடம் மறையவில்லை. எவருடைய முகம் பாடத்தில் குறைவோ, அவரையே யந்திரம் பிழையாக அறியும். தையலிலும் சாயத்திலும் ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுத்தால், அன்றைய ஷிப்ட் போனது தொழிலாளிக்கே.

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள். இனி நம் திருப்பூருக்கே சிறப்பாக உரிய இடர்ப்பாட்டைக் கூறுவோம். இக்கட்டுரையின் முக்கிய விஷயமும் அதுவே.

யந்திரத்திற்கு ஆசிரியன் பதிவேடு என்றோம். திருப்பூரின் பதிவேடு எத்தன்மையது? பின்னல், சாயம், அச்சு, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு பனியன் பல கைகளையும், பல வேளை பல கம்பெனிகளையும் கடந்து செல்கிறது. அக்கைகளுட் பல காண்டிராக்டர் கீழ் உள்ளவை. சில வீட்டுத் திண்ணையில் பிசிர் வெட்டுபவை. ஒரு கம்பெனியின் பதிவேட்டில் அவற்றிற்குப் பெயரே இராது. ஆகவே அவர்தம் திறமையும் உழைப்பும் யந்திரத்தின் கண்ணுக்குப் புலப்படா. பத்தாண்டு தைத்தவர் பத்தாண்டும் காண்டிராக்டிலேயே இருந்தால், யந்திரத்திற்கு அவர் நேற்று வந்தவரே.

பெயர் உள்ளவர் விஷயத்திலும் பதிவேடு பேசாத செய்தி ஒன்று உண்டு, அது காரணம். ஒருவர் வேலையை விட்டால் பதிவேடு ‘நின்றுவிட்டார்’ என்று எழுதி முடிக்கும். கடந்த ஆண்டுகளில் திருப்பூரில் பலர் ஒருங்கே நின்ற மூன்று காலங்களை எண்ணிப் பார்ப்போம்.

2011-ஆம் ஆண்டு ஜனவரியில், நொய்யல் மாசுபட்டதன் காரணமாகச் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயமின்றித் துணியில்லை, துணியின்றித் தையலில்லை. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் கொள்ளைநோய் காரணமாய் நாடெங்கும் ஊரடங்கு உண்டாயிற்று. ஆலை அடைபட்டது, கூலி நின்றது, மே மாதத்தில் தனி ரயில்கள் விடப்பட்டபின் வடநாட்டுத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாய்த் தம் ஊர் சென்றனர். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படக்காட்சிகள் பரவின. அவை பொய்யென்று தமிழ்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசாங்கம் அனுப்பிய குழுவும் நேரில் வந்து விசாரித்தது. எனினும் அச்சத்தால் ஊர் சென்றோர் உண்டு. அவ்வாண்டு மார்ச்சு 8-ல் ஹோலிப் பண்டிகை ஆதலின், பண்டிகைக்கென்றே சென்றோரும் உண்டு.

முதற்காலத்தில் நின்றதற்குக் காரணம் தொழிலதிபரும் அரசாங்கமும் ஆற்றைக் காவாமை. இரண்டாவதற்குக் காரணம் நோய். மூன்றாவதற்குக் காரணம் பொய், அல்லது பண்டிகை. தொழிலாளியின் சோம்பலோ நன்றியின்மையோ இவற்றுள் ஒன்றிற்கும் காரணமன்று. ஆயினும் பதிவேட்டில் எல்லாவற்றிற்கும் ஒரே சொல்: ‘நின்றுவிட்டார்’. இப்பதிவேட்டை யந்திரத்திற்கு ஊட்டினால் அது கற்பது யாது? ‘இன்ன மாநிலத்தார் நிலையார்’ என்பதே. நாளை பாட்னாவிலிருந்து ஓர் இளைஞர் வந்து நின்றால், அவர் தையலைப் பாராது, அவர் ஊரைப் பார்த்து மதிப்பெண் குறைக்கும். ஊரைக் கேட்க வேண்டாமென்று தடுத்தாலும் பயனில்லை. அவர் பேசும் மொழி, வங்கிக் கணக்கு இருக்கும் இடம், ஆண்டுதோறும் விடுப்பெடுக்கும் மாதம் ஆகியவற்றால் அதனை ஊகித்துக்கொள்ளும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது பழமொழி. இந்த ஏட்டுச் சுரைக்காயோ உதவாததோடு நில்லாது, ஒருவர் பிழைப்பையும் கெடுக்கும்.

பதிவேடு பேசாத இன்னொன்று குறை. மேலாளருக்கு அஞ்சி ஒரு பெண் வாய்திறவாதிருந்தால், பதிவேட்டில் குறையேதும் இராது. யந்திரம் அப்பகுதியை ‘அமைதியானது’ என்று பாராட்டும். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஆடை ஆலையொன்றில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் கொலையுண்ட கொடுஞ்செயலுக்குப்பின், 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில், தமிழ்நாட்டு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆசிய நாடுகளின் கூலி இயக்கம் ஒன்றும், அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பொன்றும், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மன் ஏற்றுமதி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எச் அண்ட் எம் முதலிய அயல்நாட்டு வியாபாரிகளும் அதற்கு உடன்பட்டனர். ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்பது அதன் பெயர். தொழிலாளப் பெண்களுள்ளேயே சிலரைப் பழக்கி, தையல் வரிசையில் நிகழும் தகாத சொல்லையும் செயலையும் கண்டு அறிவிக்குமாறு அமர்த்தியமை அதன் சிறப்பு. பக்கத்து மிஷினில் அமர்ந்திருக்கும் தோழி கேட்ட குறையை எந்தக் கணிப்பொறியும் முதலில் கேட்டிராது. கேட்டவர் எழுதியபின்னரே அது பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறிய பின்னரே யந்திரத்திற்குத் தெரியும். ஆக, குறைகேட்கும் காது மனிதக் காதாகவே இருத்தல் வேண்டும்.

இவ்விஷயத்தில் உலகத்துச் சட்டங்கள் கூறுவது என்ன? ஆட்களைத் தேரும் தானியங்கிக் கருவிகள் பாரபட்சமற்றவையா என்று ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை செய்தல் வேண்டும் என்று நியூயார்க் நகரம் விதித்து, 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 2024-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், வேலைக்கு ஆளெடுத்தலிலும் தொழிலாளரை மதிப்பிடுதலிலும் உபயோகமாகும் யந்திர அறிவை மிக்க அபாயமுடைய வகையிற் சேர்த்தது. முகக்குறி கொண்டு தொழிலாளியின் மனநிலையை அளக்கும் கருவிகளை, மருத்துவமும் பாதுகாப்பும் பற்றியன்றி, 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தடுத்தும்விட்டது. திருப்பூர்ச் சரக்கை வாங்குவோர் அந்நாட்டார் ஆதலின், இன்று அங்கே கேட்கும் கேள்வி நாளை இங்கே ஆர்டரோடு வரும்.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டில் தனிநபர் விவரப் பாதுகாப்புக்குச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை சம்பந்தமான காரியங்களுக்காகத் தொழிலாளியின் விவரங்களைத் தனியே இசைவு பெறாமலும் கையாள இடந்தருகிறது. எனவே சட்டம் விட்ட இடத்தை நிரப்ப வேண்டியவர் அந்நாற்காலியில் அமர்ந்திருக்கும் அலுவலரே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்று விதித்ததன் கருத்தும் அதுவே: கணக்கிற்கு அப்பால் மனிதரைக் கவனிக்க ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே, இத்துறையில் புகும் மாணாக்கர் ஐந்து நியமங்களைக் கைக்கொள்வாராக. முதலாவது, எந்தக் கருவியையும் வாங்குமுன், அஃது எந்தப் பதிவேட்டைப் படித்தது என்று விற்பவரைக் கேட்க வேண்டும், சொல்லாதவரிடம் வாங்கலாகாது. இரண்டாவது, பதிவேட்டையே திருத்த வேண்டும். ‘நின்றுவிட்டார்’ என்பதன் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு கட்டம் வகுத்து, அதனைத் தொழிலாளியைக் கேட்டு நிரப்ப வேண்டும். மூன்றாவது, கணக்கிடுதலையும் மொழிபெயர்த்தலையும் யந்திரத்திற்கு விடலாம்; எடுத்தலையும் நீக்குதலையும் விடலாகாது. நான்காவது, தையற்காரரைத் தேருங்கால் மிஷினில் அமர்த்தித் தைத்துக் காட்டச் செய்தலே மேலான பரீட்சை. திருப்பூர் நெடுநாளாக அறிந்த முறையும் அதுவே. ஐந்தாவது, யந்திரத்தின் பேரால் எவர்க்கேனும் தீங்கு நேரிட்டால், அவர் தம் மொழியில் முறையிடவும், பெயர் சொல்லி நிற்கும் ஓர் அலுவலரிடம் விடைபெறவும் வழி இருத்தல் வேண்டும்.

திருவள்ளுவர் ஆளைத் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் வினையில் அமர்த்துதலுக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் அரசனுக்கு உரைத்தவை. ஆராய்தலாகிய பாரத்தை அவன்மேலேயே வைத்தன. இன்று அப்பாரம் பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். அலுவலர்மேல் இருக்கிறது. வாசலில் நிற்கும் ஒருவர், ‘எனக்கு ஏன் வேலையில்லை?’ என்று கேட்பார். ‘கணிப்பொறி அப்படிச் சொல்கிறது’ என்பது அக்கேள்விக்கு விடையாகாது. காரணத்தை அறிந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடியவராய் நம் மாணாக்கர் விளங்குவாராக.